சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் மரபணுப் பிணைப்பும்

இதயத்தைப் பற்றிப் புலவர்கள் பாடுகிறார்கள். கல்லீரலைப் பற்றி வைத்தியர்கள் பேசுகிறார்கள். சிறுநீர்ப்பையைப் பற்றியோ, அது தொல்லை கொடுக்கத் தொடங்கும் வரையில், எவரும் வாய் திறப்பதில்லை. ஆயினும் புற்றுநோய் எங்ஙனம் உண்டாகிறது என்பதை விஞ்ஞானிகள் அறிந்துகொண்ட வரலாற்றில், பேசப்படாத இவ்வுறுப்புக்கு ஒரு தனியிடம் உண்டு. நாம் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், அவ்வரலாற்றில் அண்மைக் காலத்தில் எழுதப்பட்டுவரும் ஓர் அதிகாரமாகும். மரபணுவில் எழுதப்பட்டிருப்பதை உயிரணு எவ்வாறு வெட்டி, எவ்வாறு சேர்த்துப் படிக்கிறது என்பதும், அந்தப் படிப்பு பிசகும்போது சிறுநீர்ப்பையில் என்ன நேர்கிறது என்பதுமே அப்பொருள்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் என்பவர், பக்கத்திலிருந்த சாயத் தொழிற்சாலையில் மெஜந்தா நிறச் சாயம் தயாரித்துவந்த தொழிலாளர் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றியிருப்பதைக் கண்டு அறிவித்தார். சாயத்தைக் கையாளுபவனுக்குக் கையிலோ நுரையீரலிலோ நோய் வராமல், சிறுநீர்ப்பையில் ஏன் வர வேண்டும்? விடை எளியது. மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உடலுக்குள் புகும் நஞ்சைச் சிறுநீரகங்கள் இரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியே தள்ளுகின்றன. அவ்வாறு தள்ளப்பட்ட நஞ்சு உடனே வெளியேறிவிடுவதில்லை. மணிக்கணக்காகச் சிறுநீர்ப்பையில் தங்கி அதன் உட்சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. 1938-இல் வில்ஹெல்ம் ஹியூப்பர் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும், சாயத் தொழிலில் பயன்பட்ட பீட்டா நாப்தைலமின் என்னும் பொருளை நாய்களுக்குக் கொடுத்து, அவற்றின் சிறுநீர்ப்பையிலும் அதே கட்டிகள் தோன்றுவதைக் காட்டினார்கள்.

சாயப்பட்டறைக்குள் நாம் காலே வைத்ததில்லை என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. புகையிலைப் புகையிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த நஞ்சுகள் இருக்கின்றன. சிகரெட்டும் பீடியும் இதில் வேற்றுமை பாராட்டுவதில்லை. இந்நோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் புகைப்பழக்கமே காரணம் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் நான்கில் மூவர் ஆண்கள். நம் நாட்டில் பென்சிடின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்ட சாயங்களை அரசாங்கம் 1990-களில் தடை செய்தது. தாய்நாடு விட்டுப் பிழைப்புத் தேடி வந்த நம்மவர்களில், முன்னாட்களில் சாயத் தொழிலிலோ ரப்பர்த் தொழிலிலோ வேலை செய்து இப்பொழுது ஓய்வு பெற்றிருப்பவர்கள், அந்தப் பழைய வேலையை மருத்துவரிடம் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. இந்நோய் இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டக் கூடியது; மருத்துவரோ இன்று என்ன வேலை என்று மட்டுமே கேட்பார்.

இனி மரபணுவுக்கு வருவோம். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. அதில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துக்களால் செய்திகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு புரதத்தை ஆக்குவதற்குரிய செய்தியை ஒரு மரபணு என்கிறோம். உயிரணு அம்மரபணுவை நேரே பயன்படுத்துவதில்லை. மூலச் சுவடியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் படியெடுத்துப் படிப்பவரைப்போல, ஆர்.என்.ஏ. என்னும் பொருளால் ஒரு படியெடுத்து, அப்படியைக் கொண்டு புரதத்தை ஆக்குகிறது.

1977-ஆம் ஆண்டு வரையில், மூலத்தில் உள்ளது எழுத்து மாறாமல் படியிலும் இருக்கும் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவ்வாண்டில் அமெரிக்காவில் பிலிப் ஷார்ப், ரிச்சர்டு ராபர்ட்ஸ் ஆகிய இருவரும் தனித்தனியே, அடினோவைரஸ் என்னும் நுண்கிருமியை ஆராய்கையில், வியக்கத்தக்க ஒன்றைக் கண்டார்கள். மரபணுவின் செய்தி தொடர்ச்சியாக இல்லை. செய்தியின் துண்டுகளுக்கு இடையிடையே நீண்ட இடைச்செருகல்கள் இருந்தன. உயிரணு முதலில் முழுவதையும் படியெடுத்து, பிறகு இடைச்செருகல்களை வெட்டி எறிந்துவிட்டுச் செய்தித் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. செய்தித் துண்டுகளுக்கு எக்ஸான் என்றும் இடைச்செருகல்களுக்கு இன்ட்ரான் என்றும் மறு ஆண்டில் வால்ட்டர் கில்பர்ட் பெயரிட்டார். கண்டுபிடித்த இருவருக்கும் 1993-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

வெட்டிப் பிணைப்பது மட்டுமானால் அஃது ஒரு தூய்மைப்படுத்தும் வேலையாகவே முடிந்திருக்கும். வேடிக்கை யாதெனில், எல்லாத் துண்டுகளையும் எப்பொழுதும் சேர்க்க வேண்டும் என்னும் கட்டாயம் உயிரணுவுக்கு இல்லை. தமிழில் அக்கரச் சுதகம் என்று ஒரு சித்திரக்கவி உண்டு. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை நீக்க நீக்க வெவ்வேறு பொருள் தரும்படி பாடுவது அதன் இலக்கணம். நாமே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். வாகனம் என்ற சொல்லில் நடுவே உள்ள ககரத்தை நீக்கினால் வானம் என்றாகிறது. முதலெழுத்தை நீக்கினால் கனம் என்றாகிறது. மூலச்சொல் ஒன்றுதான், விட்டதும் சேர்த்ததும் வேறுபட்டதனால் ஓடும் வண்டியும், தலைக்குமேல் விரிந்த வெளியும், தூக்க முடியாத பாரமும் கிடைத்தன. உயிரணுவும் இவ்வாறே ஒரே மரபணுவின் படியில், ஓரிடத்தில் ஒரு துண்டை விட்டும் வேறோரிடத்தில் அதனைச் சேர்த்தும், வெவ்வேறு புரதங்களை ஆக்கிக்கொள்கிறது. இதற்கே மாற்றுப் பிணைப்பு என்று பெயர்.

இது விதிவிலக்கன்று, விதியே. மனிதனுக்கு ஒரு லட்சம் மரபணுக்கள் இருக்கக்கூடும் என்று முன்பு மதிப்பிட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ இருபதினாயிரமே தேறின. ஒன்றுக்கு மேற்பட்ட எக்ஸான்களை உடைய மரபணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மாற்றுப் பிணைப்புக்கு உள்ளாகின்றன என்று 2008-இல் தெரியவந்தது. குறைந்த முதலை வைத்துக்கொண்டு பெரிய வாணிகம் நடத்தும் செட்டியாரின் சாமர்த்தியம் இது எனலாம். ஆனால் வெட்டும் கத்தரி பல புரதங்களும் சிறு ஆர்.என்.ஏ.க்களும் கூடிய ஒரு பெரிய பொறி. எங்கே வெட்ட வேண்டும் என்பதை அது படியிலுள்ள சில குறியெழுத்துக்களைக் கொண்டு அறிகிறது. குறி சிதைந்தாலும், கத்தரி பழுதுபட்டாலும், அதனை நடத்தும் புரதங்களின் அளவு கூடினாலும் குறைந்தாலும், பிணைப்பு மாறிவிடும்.

இங்கேதான் சிறுநீர்ப்பை மறுபடியும் மேடைக்கு வருகிறது.

1970-களின் தொடக்கத்தில், சுவீடனைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றுக்கு டி-24 என்று பெயரிட்டார்கள். அவ்வுயிரணுக்கள் உலகமெங்கும் பகிர்ந்து வளர்க்கப்பட்டன. 1982-இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரு செய்தியை வெளியிட்டன. இவ்வுயிரணுவைப் புற்றாக்கிய மரபணு, எச்-ராஸ் என்பது. நலமான எச்-ராஸ் மரபணுவுக்கும் இதற்கும் புரதத்தைப் பொறுத்தமட்டில் உள்ள வேறுபாடு ஓரே எழுத்து. ஜி இருக்க வேண்டிய இடத்தில் டி இருந்தது. அதனால் புரதத்தின் பன்னிரண்டாம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்து அமர்ந்தது. உயிரணுவே, பெருகு என்று கட்டளையிடும் விசைப்பொத்தானைப் போன்றது ராஸ் புரதம். கட்டளையிட்டபின் அது தானே அணைய வேண்டும். வேலின் வந்து அமர்ந்த புரதம் அணைய மறுத்தது. மனிதப் புற்றுநோய் ஒன்றில் இத்தகைய ஒற்றையெழுத்துத் திரிபு கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. ராபர்ட் வைன்பர்க், மைக்கேல் விக்லர், மரியானோ பார்பாசிட் ஆகியோர் அக்குழுக்களின் தலைவர்கள். பார்பாசிட் குழுவின் கட்டுரையில் முதற்பெயராக இருந்தது, இந்தியாவிலிருந்து சென்ற பிரேம்குமார் ரெட்டியின் பெயர் என்பதில் நமக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு. இக்கதைக்கு ஒரு துணைக்கதையும் உண்டு. வைன்பர்க் குழுவினர் ஆராய்ந்தது வேறு பெயருடைய உயிரணு. பின்னர் ஆராய்ந்தபோது அதுவும் டி-24 உயிரணுவே என்றும், ஆய்வகங்களில் கலந்துபோய் வேறு பெயரில் உலவிவந்தது என்றும் தெரிந்தது!

கதை இத்துடன் முடிந்ததாகவே பலரும் எண்ணினர். பாடநூல்களும் இந்த ஓரெழுத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. நம் கருத்தில், இதற்குப் பிறகு நடந்ததே மேலும் சுவையானது. டி-24 மரபணுவில் இன்னும் ஓரெழுத்து மாறியிருந்தது. அம்மாற்றம் கடைசி இன்ட்ரானுக்குள், அதாவது வெட்டி எறியப்படும் இடைச்செருகலுக்குள் இருந்தது. குப்பைக்கூடைக்குப் போகும் தாளில் எழுத்துப்பிழை இருந்தால் என்ன என்று எவரும் நினைக்கத்தானே செய்வர்? 1988-இல் கலிபோர்னியாவில் ஜெனென்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கோகெனும் ஆர்தர் லெவின்சனும் அவ்வாறு விட்டுவிடாமல் ஆராய்ந்தனர். அந்த இரண்டாவது மாற்றம் இருந்தால், மரபணுவின் விளைவு ஏறத்தாழப் பத்து மடங்காகப் பெருகுகிறது என்றும், உயிரணுக்களைப் புற்றாக்கும் ஆற்றலும் அதற்கேற்ப உயர்கிறது என்றும் அவர்கள் காட்டினர். பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தின் தலைவர் பதவிக்கு 2011-இல் வந்த அதே லெவின்சன்தான் இவர்.

காரணம் மறு ஆண்டில் விளங்கிற்று. அந்தக் கடைசி இன்ட்ரானுக்குள் ஒரு சிறு எக்ஸான் மறைந்திருக்கிறது. நலமான உயிரணு தன் படிகளில் கணிசமானவற்றில் அச்சிறு துண்டையும் சேர்த்துப் பிணைத்துவிடுகிறது. துண்டுக்குள் நிறுத்து என்னும் குறி இருப்பதால், அப்படிகளிலிருந்து முழுமையான ராஸ் புரதம் உண்டாக முடியாது. ஆக, உயிரணு தன் பெருக்கத்தைத் தானே அடக்கி வைத்துக்கொள்வதற்கு மாற்றுப் பிணைப்பை ஒரு மடைபோலப் பயன்படுத்திவந்திருக்கிறது. ஓடிவரும் நீரில் ஒரு பகுதியை வடிகாலில் திருப்பிவிட்டு, வயலுக்கு வேண்டிய அளவே விடும் ஏற்பாடு அது. டி-24 உயிரணுவில் உள்ள இரண்டாவது எழுத்துமாற்றம், அச்சிறு துண்டைப் பிணைக்க உதவும் குறியைச் சிதைத்தது. வடிகால் அடைபட்டது, நீர் முழுவதும் வயலுக்குப் பாய்ந்தது. முதற்பிழை அணையாத பொத்தானை உண்டாக்கிற்று. இரண்டாம் பிழை அத்தகைய பொத்தான்களைப் பத்து மடங்காக்கிற்று. இவ்விரண்டாம் பிழை எல்லா நோயாளிகளிடமும் காணப்படுவதன்று. எச்-ராஸ் திரிபே சிறுநீர்ப்பைக் கட்டிகளில் ஒரு சிறு பங்கில்தான் உண்டு. ஆயினும், புரதத்தின் எழுத்தைத் தொடாமல் பிணைப்பை மட்டும் மாற்றியும் புற்றின் வலிமையைக் கூட்ட முடியும் என்பதற்கு, இதைவிடத் தெளிவான சான்று நமக்குக் கிடைப்பது அரிது.

எழுத்தே மாறாமலும் பிணைப்பு மாறுவதுண்டு. எப்.ஜி.எப்.ஆர்.-1 என்று ஒரு மரபணு இருக்கிறது. வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் செய்தியை வாங்கும் வாயிற்காவலனாகிய ஒரு புரதத்தை அஃது ஆக்குகிறது. ஒரு துண்டைச் சேர்த்தால் நீண்ட வடிவம். விட்டுவிட்டால் குறுகிய வடிவம். 2010-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் மார்கரெட் நோல்ஸ் குழுவினர், சிறுநீர்ப்பைக் கட்டி முற்றியதாகவும் ஆழமாக வேரூன்றியதாகவும் இருக்க இருக்க, நீண்ட வடிவம் குறைந்து குறுகிய வடிவம் மிகுவதைக் கண்டனர். குறுகிய வடிவம் கொண்ட உயிரணு, சிறிதளவு வளர்ச்சிச் செய்திக்கே சிலிர்த்தெழுந்து பெருகுகிறது. காது கேளாதவன்போல் இருக்க வேண்டிய காவலன், மெல்லிய முணுமுணுப்புக்கும் கதவைத் திறந்துவிடுகிறான். இன்னும் சிலருடைய கட்டிகளில் கத்தரியின் உறுப்பாகிய எஸ்.எப்.-3.பி.-1 என்னும் புரதத்தின் மரபணுவே திரிந்திருப்பதையும் கண்டிருக்கிறார்கள்.

இவ்வறிவு நோயாளிக்கு என்ன பயன் தந்தது என்று நேயர்கள் கேட்பது நியாயமே. இதில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சி.டி.-44 என்னும் மரபணு, மாற்றுப் பிணைப்பில் மிகவும் கைதேர்ந்தது. நடுவே உள்ள பல துண்டுகளைப் பலவாறு சேர்த்தும் விட்டும் வெவ்வேறு வடிவங்களை ஆக்கும். அவ்வடிவங்களுள் ஒன்று, எலியின் புற்றணுக்களுக்கு உடலெங்கும் பரவும் ஆற்றலைக் கொடுத்தது என்று 1991-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டியபோது பெரும் பரபரப்பு உண்டாயிற்று. 1994-இல் ஆக்ஸ்போர்டில், சிறுநீரோடு உதிர்ந்து வரும் உயிரணுக்களில் சி.டி.-44 மரபணுவின் பிறழ்ந்த வடிவங்களைத் தேடி, சிறுநீர்ப்பைப் புற்றை அறிய முயன்றார்கள். கருவியை உள்ளே செலுத்தாமல், ஒரு குப்பிச் சிறுநீரைக் கொண்டே நோயைக் கண்டுபிடிக்கலாம் என்பது எத்துணை இனிய எண்ணம்! ஆனால் அழற்சியின்போது சிறுநீரில் வந்து சேரும் வெள்ளணுக்களும் இத்தகைய வடிவங்களைக் காட்டவல்லவை. அச்சோதனை மருத்துவமனைகளின் அன்றாட வழக்கத்துக்கு வரவில்லை.

மருந்து நிலையிலும் அவ்வாறே. பிணைப்பைத் திருத்தும் மருந்து கனவன்று. குழந்தைகளின் தசைகளை நலியச் செய்யும் முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கு, விடப்பட்ட துண்டை மீண்டும் சேர்க்கச் செய்யும் நியூசினெர்சென் என்ற மருந்து 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அம்முறை சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இன்னும் வந்து சேரவில்லை. 2019-இல் அங்கே அனுமதி பெற்ற எர்டாபிடினிப் என்ற மருந்து, முற்றிய நோயில் எப்.ஜி.எப்.ஆர். குடும்பத்து மரபணுக்கள் திரிந்திருப்பவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. அதற்குப் பார்ப்பது மரபணுவில் உள்ள திரிபையே, மாற்றுப் பிணைப்பையன்று. ஆகவே, மரபணுப் பிணைப்பைச் சோதித்து வருங்காலத்தைச் சொல்கிறோம் என்று எவரேனும் விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்டால், நேயர்கள் பணப்பையைத் திறக்குமுன் புற்றுநோய் மருத்துவர் ஒருவரைக் கலந்துகொள்க.

இன்று மருத்துவர் கையில் இருப்பவை பழைய கருவிகளே. அவற்றைப் பழையன என்று இகழ்வதற்கில்லை. சிறுநீர்த் துவாரத்தின் வழியே கருவியைச் செலுத்தி உள்ளே பார்த்துக் கட்டியைச் சுரண்டி எடுக்கிறார்கள். கண்டுபிடிக்கப்படும்போது நான்கில் மூன்று பங்குக் கட்டிகள் தசைக்குள் இறங்காதவை. அவற்றுள் தீவிரமானவற்றுக்குக் காசநோய்த் தடுப்பு மருந்தாகிய பி.சி.ஜி.யை வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறார்கள். 1976-இல் கனடாவில் ஆல்வரோ மொராலெஸ் ஒன்பது நோயாளிகளிடம் கண்ட பயனை வெளியிட்டதிலிருந்து இவ்வழக்கம் வளர்ந்தது. காசநோயைத் தடுப்பதற்காகச் சென்னை கிண்டியில் 1948-இல் பி.சி.ஜி. ஆய்வகம் நிறுவப்பட்டபோது, அம்மருந்து ஒருநாள் சிறுநீர்ப்பைக்குள் போய்ப் புற்றோடு போராடும் என்று யார்தான் நினைத்திருப்பார்?

இந்நோயின் முதல் அடையாளம் சிறுநீரில் இரத்தம். அதுவும் பெரும்பாலும் வலியில்லாத இரத்தம். வலியில்லை என்பதே ஏமாற்றுகிறது. ஒருநாள் சிவந்து, மறுநாள் தெளிந்து, மாதக்கணக்கில் வாராமலும் இருக்கும். சிறுநீரில் இரத்தம் வருவதெல்லாம் புற்றுநோயன்று. கல்லாலும் தொற்றாலும் வரலாம். பீட்ரூட் கிழங்கைத் தின்றவருக்கு இரத்தமேயில்லாமலும் சிவக்கலாம். எனினும் நாற்பதைக் கடந்தவர்கள் இதனைச் சூடு என்று சொல்லி இளநீரோடு விட்டுவிடுதல் ஆகாது. பெண்களுக்கு இது நேர்ந்தால் வெறும் தொற்று என்று மருந்து கொடுத்து மாதங்கள் கழிந்துவிடுவது எங்கும் உள்ள குறை. மருந்து முடிந்த பின்னும் இரத்தம் வந்தால் மேற்கொண்டு சோதனை கேட்க வேண்டும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. இக்கட்டி எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப முளைக்கும் இயல்புடையது. அதனால் தொடக்கத்தில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை உள்நோக்கிப் பார்க்கிறார்கள். பொங்கலுக்கோ பிள்ளையின் திருமணத்துக்கோ ஊருக்குப் போய்த் தங்கிவிடுகிறவருக்கு ஒரு தவணை தவறுகிறது; ஓய்வு பெற்று ஊரோடு போய்விடுகிறவருக்குப் பழைய மருத்துவமனையின் தொடர்பே அறுந்துபோகிறது. புதிய மருத்துவர் முதலில் கேட்பது, கட்டி தசைக்குள் இறங்கியிருந்ததா, சுரண்டியெடுத்த துண்டில் தசை இருந்ததா என்பதே. இதற்கு விடை திசுச்சோதனை அறிக்கையில் இருக்கிறது. அறிக்கை எந்த மொழி மாநிலத்தில் கொடுக்கப்பட்டதானாலும் பொதுவாக ஆங்கிலத்தில் இருக்கும். அறிக்கையோடு, கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்த சிறு கட்டையையும் சோதனைச்சாலை பாதுகாக்கிறது. கேட்டு எழுதிக்கொடுத்தால் பொதுவாக அதனை நோயாளியிடம் தருகிறார்கள். எர்டாபிடினிப் போன்ற மருந்துக்கு வேண்டிய சோதனையை அம்மெழுகுக் கட்டையிலிருந்தே செய்யலாம். பல ஆண்டுகள் சென்ற பின்னும் அதிலிருந்து டி.என்.ஏ.யையும், ஓரளவு சிதைந்த நிலையிலேனும், உயிரணு அன்று வெட்டிப் பிணைத்த ஆர்.என்.ஏ. படிகளையும் எடுத்துப் படிக்க முடிகிறது.